குறை ஏதும் இல்லாத வயிற்றுவலி

சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதே சுகாதாரச் சான்றிதழ், அதைக் கொடுத்தவர் அடுப்படியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாரா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

முத்திரைக்காரர் கேட்டதில்லை. கொடுப்பவர்களில் அவரும் ஒருவர். நகர சுகாதார அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தர். கடைகளைப் போய்ப் பார்க்க வேண்டியவர் ஆய்வாளர். அவர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தபடியே பார்த்து முடித்துக் கையெழுத்துப் போடுவார். இவர் முத்திரை குத்துவார். யாராவது வயிறு கெட்டுப் புகார் எழுதினால் அதற்கும் ஒரு ரப்பர் முத்திரை உண்டு: "விசாரித்ததில் குறை ஏதும் இல்லை." அந்த வாக்கியத்தை எழுதி எழுதிக் கை கடுத்துப்போய், முத்திரையாகவே செய்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். ஆய்வாளர் தட்டிக்கொடுத்தார்.

கல்யாண நாளன்று மனைவியை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே அழைத்துப்போனார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு கடைகள். சான்றிதழ் தொங்கிய கடைக்குள் நுழைந்தார்.

"பாத்தியா, நம்ம கைவேலை."

"மேசை கையில ஒட்டுதுங்க. மீன்ல வேற ஒரு மாதிரி வாடை வருது."

"நல்லாருக்குன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. உன் மூக்கு அரசாங்கத்தை விடப் பெரிசா?"

மனைவி மீனை ஒதுக்கிவைத்தார். வீணாகக் கூடாதென்று அவர் பங்கையும் இவரே தின்றார்.

நான்கு மணிக்கு, நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். வாயு என்றார். ஐந்து மணிக்கும் வாயு என்றார். ஆறு மணிக்குக் கழிப்பறைக்குள்ளிருந்து வாயு என்றார். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, யாரோ பொறாமையில் கண் வைத்துவிட்டார்கள் என்றார்.

"இவரைப் பாத்து யாருக்குக்கா பொறாமை வரும்?" என்று கேட்டுவிட்டு மனைவி வண்டி கூப்பிடப் போனார்.

மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் அவருக்குச் சலைன் ஏற்றிவிட்டு, படிவத்தை எடுத்தார்.

"மதியம் எங்க சாப்பிட்டீங்க?"

முத்திரைக்காரர் கூரையைப் பார்த்தார். கடையின் பெயரைச் சொன்னால் புகார் நேராகத் தன் மேசைக்கு வரும். சான்றிதழின் அடியில் இருப்பதோ தான் குத்திய முத்திரை.

"ஞாபகம் இல்லம்மா."

"எனக்கு இருக்கு," என்றார் மனைவி. கடை, மேசை, மீன், சாப்பிட்ட மணி, எதையும் விடவில்லை.

மருத்துவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "அந்தக் கடையில சாப்பிட்டு இந்த மாசம் வர்ற ஆறாவது ஆள் நீங்க. நானும் எழுதி அனுப்பறேன். ஒரே பதில்தான் வருது, ஒரு எழுத்துகூட மாறாம. போன வாரம் வந்தது நாலு வயசுக் குழந்தை. பொழைச்சதே பெரிசு."

முத்திரைக்காரருக்கு அந்தப் பதில் மனப்பாடம். வலி வயிற்றிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியது. அதற்குச் சலைனில் மருந்து இல்லை.

மூன்றாம் நாள் அலுவலகம் போனார். மேசைமேல் அவர் பெயரிலேயே புகார். அதன்மேல் ஊதா மையில், விசாரித்ததில் குறை ஏதும் இல்லை. அவர் வராத நாட்களில் ஆய்வாளரே குத்தியிருந்தார்.

"சார், இது என் வயிறு."

"தெரியும்யா. இப்ப நல்லாத்தானே நிக்கிற? அப்புறம் என்ன குறை?"

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார்: "எனக்கு வயித்துவலியே வரலைன்னு முடிவாயிடுச்சு."

"அப்ப ரெண்டு நாளா நான் துவைச்சது என்ன?"

மறுநாள் இழுப்பறையில் ரப்பர் முத்திரையைக் காணவில்லை. அது முத்திரைக்காரர் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருந்தது. முத்திரை இல்லாமல் எந்தப் புகாரையும் மூட முடியாது. கையால் எழுதினால் செல்லாது என்று சுற்றறிக்கை இருந்தது. புது முத்திரை கேட்டு மூன்று பிரதிகளில் விண்ணப்பம் தட்டச்சு செய்ய வேண்டியவரும் முத்திரைக்காரர்தான்.

"கை இன்னும் நடுங்குது சார்," என்றார்.

புகார்கள் குவிந்தன. மேலிடத்திலிருந்து ஏன் என்று கேட்டார்கள். ஒன்பதாம் நாள் ஆய்வாளர் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி, அந்த அடுப்படிக்குள் முதன்முறையாகக் கால் வைத்தார். பின்னாலேயே கோப்போடு முத்திரைக்காரர். குளிர்பெட்டி இருந்தது. அதன் மின்கம்பி சும்மா தரையில் கிடந்தது. உள்ளே மீனோடு ஒரு துடைப்பமும் இருந்தது.

கடைக்காரர் பாத்திரம் கழுவும் பெண்ணைக் கைகாட்டினார். "எல்லாம் இவ கவனக்குறைவு சார். இன்னைக்கே நிறுத்திடறேன்."

அந்தப் பெண் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "கரண்டு பில்லு ஏறும், போடாதேன்னு சொன்னது யாரு?"

முத்திரைக்காரர் அந்தக் கேள்வியைக் கோப்பில் எழுதினார். கையால்தான், ஒரு எழுத்துகூட மாறாமல். கடை பூட்டப்பட்டது. பூட்டியதற்குக் காரணமானவர் என்ற இடத்தில் கடைக்காரரின் பெயர் இருந்தது, அவளுடையது இல்லை.

அந்த முத்திரை இன்னும் அரிசிக்குள் கிடக்கிறது. உங்கள் ஊர் முத்திரை இழுப்பறையில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆகவே வெளியே சாப்பிட்டு வயிறு பிடித்திழுத்தால், வாயு என்று மூடி வைக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். எங்கே, என்ன, எத்தனை மணிக்குத் தின்றீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். குறை இல்லை என்று பதில் வந்தால், யார் போய்ப் பார்த்தது என்று கேட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.