சோப்பை விட்ட ரோகிணி

மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு ரோகிணிக்கு வாசனை தெரியாமல் போனது. காய்ச்சல் விட்ட பிறகும் அது திரும்பவில்லை. அடுப்பில் பால் தீய்ந்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் ஓடிவருவாள்.

வீடு செங்கல்பட்டில். கணவர் சுப்புராமன் திருக்கழுக்குன்றத்தில் பள்ளி ஆசிரியர். அவள் திருப்போரூர் வழியாக வேனில் போய் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள்.

அதற்கு அடுத்த வருடம் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் வெடிக்கத் தொடங்கியது. குளித்துவிட்டு வந்தால் எரியும். காலையில் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். எந்தக் களிம்புக்கும் அது அடங்கவில்லை. கடைசியில் தோல் மருத்துவர், மூன்று மாதத்துக்கு உடம்பில் சோப்போ தலையில் ஷாம்பூவோ படக்கூடாது, வெறும் தண்ணீர்தான், கை கழுவ மட்டும் சோப்பு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

தன் மேல் நாற்றம் வருகிறதா என்று தானே முகர்ந்து பார்க்க முடிகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ரோகிணிக்கு அந்த வழி இல்லை. தினமும் மாலை வீட்டுக்கு வந்ததும் சுப்புராமன் அருகே போய்த் தலையைக் குனிந்து, வாசனை வருகிறதா என்று கேட்பாள். அவர் முகர்ந்துவிட்டு, ஒன்றுமில்லை என்பார். அந்தப் பதிலை நம்பித்தான் மறுநாள் வேன் ஏறினாள்.

மூன்றாவது வாரம் எரிச்சல் நின்றது. அதே வாரம், திருப்போரூரில் ஏறி வழக்கமாக அவள் பக்கத்தில் உட்காரும் ஹரிப்ரியா பின் சீட்டுக்குப் போய்விட்டாள். தலைவலி, ஜன்னலோரம் வேண்டும் என்றாள். மறுநாளும் பின் சீட்டுக்கே போனாள். அலுவலகத்தில் ஒருவர் அவள் மேசையருகே வந்தவர், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பேசினார். அன்றிலிருந்து யார் மூக்கைத் தொட்டாலும் ரோகிணிக்குத் திக்கென்றது. காலையில் இரண்டு முறை குளித்தாள். பையில் மாற்று உடை வைத்துக்கொண்டாள். மதியம் தனியாகச் சாப்பிட்டாள்.

ஒரு மாலை வேனில் அவள் சீட்டுக்கு மேலே புதிதாக ஒரு வாசனை டப்பா தொங்கியது. மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்தாள். செங்கல்பட்டு நெருங்கியதும் தன் மேல் நாற்றம் வருகிறதா என்று டிரைவர் அருணகிரியிடம் நேராகவே கேட்டாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். பத்து நாளா வந்துகினு கீது. தலையிலேர்ந்து."

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுப்புராமன் முன்னால் போய் நின்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"வந்துச்சு," என்றார். "சொன்னா நீ மறுபடியும் சோப்பை எடுத்துடுவ. இப்பதான் ரத்தம் நின்னுருக்கு."

"எனக்கு மூக்கே நீங்கதான்னு நம்பிட்டிருந்தேன். அத்தனை பேர் நடுவுல என்னைக் கொண்டுபோய் நிக்க வெச்சுட்டீங்க."

நாலு நாள் அவள் அவரோடு பேசவில்லை.

டிரைவரிடம் கேட்டதற்கு மறுநாள் காலை குளியலறையில் ஷாம்பூ பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றினாள். தலை வரை கொண்டுபோன கை அங்கேயே நின்றது. கழுத்தைத் தடவிப் பார்த்தாள். வெடிப்பு மூடி, தோல் வழவழப்பாக இருந்தது. பல மாத எரிச்சலுக்குப் பிறகு இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். ஆனால் இன்னும் ஒன்பது வாரம் இதே வேனில் இதே மனிதர்களோடு போக வேண்டும். கையைக் கழுவிவிட்டு வெறும் தண்ணீரில் குளித்து முடித்தாள்.

திருப்போரூரில் ஹரிப்ரியா ஏறியதும் ரோகிணி எழுந்து பின் சீட்டுக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோல், மருத்துவர், தெரியாத வாசனை எல்லாவற்றையும் சொன்னாள். முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்தும் நிறுத்தவில்லை.

"இனிமே வந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. அது போதும்."

ஹரிப்ரியாவின் கண் கலங்கியது. "முடி நீளமா இருக்கறதால எண்ணெய் தங்குதுக்கா," என்றாள். "உடம்புல ஒண்ணுமில்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோகிணி இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆனால் இப்போது தண்ணீர் தலையின் அடிவரை போனது. விரலால் தேய்த்து அலச முடிந்தது. இரண்டு வாரத்தில் ஹரிப்ரியா, இப்போது வாசனையே இல்லை என்றாள். ரோகிணி உடனே நம்பிவிடவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது, விருப்பமிருந்தால் மென்மையான சோப்பு ஒன்று தொடங்கலாம் என்றார் மருத்துவர். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது ஒன்றரை வருடமாகிறது.

இந்த மே மாதம், வேன் ஏசி பழுதான ஒரு நாள், ஹரிப்ரியா அவள் காதருகே குனிந்து, "இன்னைக்குக் கொஞ்சம் இருக்குக்கா," என்றாள். ரோகிணி அலுவலகக் கழிவறைக்குப் போய் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான், அதுவரை ஹரிப்ரியா சொன்ன அத்தனை "இல்லை"யும் உண்மை என்று மனசு ஒப்பியது.