வோங்சா ஊட்டிய ஒரு வாய் லாப்

பயாவ் ஏரிக்கரையில் ஷேர் வண்டி ஓட்டும் வோங்சாவை, லாப் கொத்துவதற்கென்றே விசேஷ வீடுகளில் கூப்பிடுவார்கள். பன்றி இறைச்சியைப் பொடியாகக் கொத்தி, பச்சை ரத்தமும் மசாலாவும் விட்டுப் பிசைந்து, வேகவைக்காமலே பரிமாறுவதில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவர் மனைவி புவாலாவின் தம்பி பூன்மா, பைக் மெக்கானிக். எஞ்சின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவான். பச்சை இறைச்சியை மட்டும் தொடமாட்டான். எங்கள் வீட்டுப் புதுமனை விருந்தில் வோங்சா அவனைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு வறுத்தது போதும் அத்தான்.”

“வறுத்ததா? அது பல்லு முளைக்காத பிள்ளைக்கு. வாயத் தொறடா மச்சான்!”

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். சாப்பிட்டது அத்தனை பேரும். காய்ச்சல் வந்தது அவனுக்கு மட்டும்.

கடை மாத்திரையிலேயே நாள் போயிற்று. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் சியாங் மாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்குள் காதும் கேட்கவில்லை.

“பன்னிக் கறியில இருந்த கிருமி. காதக் கெடுத்ததும் அதுதான். இதய வால்வுல ஒட்டிக்கிட்டு அரிச்சிருக்கு,” என்றார் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா. “மருந்து கிருமியக் கொல்லும், கிழிஞ்ச வால்வத் தைக்காது. அத வெட்டி எடுத்துட்டு உலோக வால்வு வைக்கணும். தள்ளிப்போட்டா, கிருமிக் கட்டி பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிடும்.”

“என்னோடத எடுத்து வைக்க முடியாதாம்மா?” என்று கேட்டார் வோங்சா.

“பேசாம உக்காரு,” என்றாள் புவாலா. “நீ குடுத்தது போதும்.”

இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை எந்திரத்தில் ஓடவிட்டு, வால்வை மாற்றினார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார்.

“பிழைச்சுக்கிட்டார். இதயம் நல்லாத் துடிக்குது. காது திரும்புமான்னு மட்டும் கேக்காதீங்க.”

திரும்பவில்லை. பூன்மா நடக்கிறான், சாப்பிடுகிறான். ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. கையில் சின்னக் கீறல்கூட ஆகாது. பஞ்சர் ஒட்டுவதும் எண்ணெய் மாற்றுவதும்தான் இப்போது அவன் கடையில் நடக்கிறது. புவாலா வீட்டில் புருஷனுக்குச் சோறு வைக்கிறாள், பேச்சு குறைந்துவிட்டது. வோங்சா அதன்பின் கத்தியைத் தொடவில்லை.

மாலையில் வண்டியை மச்சான் கடை முன் நிறுத்துவார். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன்.

“என்ன மன்னிச்சிடு மச்சான்,” என்றார், அவன் முகத்துக்கு நேராக.

பூன்மா அவர் உதட்டை உற்றுப் பார்த்தான். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

“மழையா? இன்னிக்கு வராது அத்தான்.”

வோங்சா தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.