சாம்பியனுக்காக உட்கார்ந்தவன்

ரெய்னால்டோ பாவேஸ் வாழ்நாளில் ஒரு குதிரை மேலும் ஏறியதில்லை. எதிரே குதிரை வந்தாலே தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுவான். ஆனால் சிலி நாட்டுச் சாந்தா குரூஸ் ஊருக்கு வந்து சாம்பியன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அவன் வீட்டைத்தான் காட்டுவார்கள். மீதிப் பேரும் அதையே காட்டுவார்கள், சிரித்துக்கொண்டு.

எல்லாம் அவன் வேலையால் வந்த பெயர். டோன் குஸ்தோதியோவின் சேணத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். இருக்கைத் தோலை ஈரத்தோடு சட்டத்தில் இழுத்துக் கட்டி, மரக்குதிரை மேல் ஏற்றி, வாங்குகிறவரின் உடம்புவாகு உள்ள ஆள் ஒருவனை அதன்மேல் உட்காரவைப்பார்கள். தோல் காயும்வரை அவன் இறங்கக்கூடாது. குதிரைமேல் இருந்தபடி காளையை மடக்கும் ரோடியோ போட்டியில் சாம்பியனான டோன் லிசாண்ட்ரோ முதன்முதலில் சேணம் கேட்டு வந்தபோது, அவர் இடுப்புக்கும் தொடைக்கும் அச்சாகப் பொருந்தியவன் ரெய்னால்டோ ஒருவன்தான். அதுவரை அவன் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்தவன். அந்த நாற்றம் அவன் கல்யாணத்தன்றுகூட அவனை விட்டுப் போகவில்லை.

மரக்குதிரையில் ஏற்றிவைத்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "இந்த உடம்பு இனிமே உன்னோடதில்ல, கம்பெனியோடது. ஒரு சுற்று பெருத்தேன்னு வை, மறுபடி தொட்டிதான்."

அப்புறம் என்ன, வாயைக் கட்டினான், வயிற்றைக் கட்டினான். பதினோரு வருஷம்! செப்டம்பர் சுதந்திரத் திருநாளில் ஊரே கறி அடைத்துச் சுட்ட எம்பனாடாவை வெளுத்துக் கட்டும்போது, இவன் ஓரமாக உட்கார்ந்து முள்ளங்கி கடிப்பான். மகள் ரோசியோவின் கல்யாணத்தில் கேக்கை மோந்து பார்த்ததோடு சரி. "ஒரே ஒரு வாய், அப்பா" என்று கையில் கேக் துண்டோடு வந்து நின்றாள் அந்தப் பெண். "சாம்பியனுக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டான். அவள் முகம் போன போக்கை இன்றுவரை அவனால் மறக்க முடியவில்லை. பட்டினி போதாதென்று ஊர்க்கேலி வேறு. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, போன செப்டம்பரில் அவனுக்குச் சறுக்கியது. மச்சினன் வீட்டில் பன்றி விலா சுட்ட வாசனை மூக்கில் ஏறியதும் புத்தி இறங்கிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தவன் மாசம் முழுக்க நிறுத்தவில்லை. வருஷா வருஷம்போல் அக்டோபரில் சாம்பியனின் புதுச் சேணத்துக்காக மரக்குதிரையில் ஏறியபோது ஈரத்தோல் இரண்டு பக்கமும் விரிந்து கொடுத்தது அவனுக்கே தெரிந்தது. மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்து எழுந்தான். சேணமும் சாம்பியனிடம் போய்விட்டது.

ஏப்ரலில், ரோடியோ பருவம் முடிந்த கையோடு வந்தது சேதி. எப்போதும் ஆளை அனுப்பிச் சேணம் வாங்கிப் போகும் டோன் லிசாண்ட்ரோ, இந்த முறை தாமே தொழிற்சாலைக்கு வருகிறாராம். உட்கார்ந்த ஆளைப் பார்த்தே ஆக வேண்டுமாம். ரெய்னால்டோ வீட்டுக்கு ஓடிப்போய் சொன்னான்.

"இந்தாய்யா, கேக்குறதுக்கு முன்னால நீயே போய் உண்மையைச் சொல்லிரு. தலையையா வாங்கிருவாரு?" என்றாள் மனைவி யோலண்டா.

"தலை போனா போகுதுடி. தொட்டிக்கில்ல போகணும்!"

சாம்பியன் வந்தார். வரவேற்க வாசலில் கைகட்டி நின்ற முதலாளியைத் தாண்டி நேராக மரக்குதிரையிடம் போனார். "எவன்டா அது, எனக்காக உட்கார்றவன்?"

தையல்காரன் எலியோதோரோ பின்னாலிருந்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினான். "போ மாப்ளே, உன் ஜோடி கூப்பிடுறாரு."

ரெய்னால்டோ தொப்பியைக் கழற்றினான். "ஐயா, தப்பு நடந்துபோச்சு. செப்டம்பர்ல கொஞ்சம் சாப்ட்டுட்டேன்."

"கொஞ்சம்னா?"

"மாசம் பூரா."

சாம்பியன் அவனை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார். "நல்லாயிருடா மகராசா! நான் மூச்சுவிட்டு உட்கார்ந்த மொத சேணம்டா இது. வருஷா வருஷம்தான் ஜெயிக்கிறேன், சிரிச்சுக்கிட்டே ஜெயிச்சது இந்த வருஷம்தான்."

"அப்போ இதுக்கு முந்தி?"

"பிடிக்கும். ஒவ்வொண்ணும் இடுப்பை உடும்பு மாதிரி பிடிக்கும். டோன் குஸ்தோதியோ சரக்காச்சே, சேணம் தப்பா இருக்குமா, நாமதான் பெருத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரி மேஜையிலருந்து ரொட்டியையே தூக்கிட்டா. பதினோரு வருஷமா முட்டைக்கோசுத் தண்ணிடா!"

"ஐயா... நான் உங்களுக்காக இல்ல பட்டினி கிடந்தேன்?"

"நான் உன் சேணத்துக்காகக் கிடந்தேன்!"

"ஆனா மொத மொத இங்க வந்தப்ப நீங்க என் அளவுதானே இருந்தீங்க?"

சாம்பியன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கடவுளே, அப்ப நான் டைபாய்டுல கிடந்து எந்திரிச்சு ஒரு வாரம்கூட ஆகலயே. கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு வந்தேன்."

எலியோதோரோதான் முதலில் சிரித்தான். பிறகு வெட்டுகிறவன், தைக்கிறவன், மெருகு போடுகிறவன் என்று தொழிற்சாலையே உருண்டு புரண்டு சிரித்தது. ரெய்னால்டோ சிரிக்கவில்லை. ஒரு காய்ச்சல்காரனின் அளவைக் காப்பாற்ற மகள் நீட்டிய ஒரு வாய்க் கேக்கை மறுத்திருக்கிறோமே என்று நினைத்ததும், அத்தனை பேர் நடுவிலும் மனுஷன் குழந்தைபோல் அழுதுவிட்டான். பாவம், அழாமல் என்ன செய்வான்?

சாம்பியன் தன் வண்டியிலேயே சுட்ட ஆட்டுக்குட்டி கொண்டுவந்திருந்தார். முற்றத்தில் பலகை போட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, விலாப் பக்கத்தைப் பிய்த்து முதலில் அவன் தட்டில் போட்டார்.

அந்த நேரம் பார்த்து அளவு நாடாவும் கையுமாக ஓடிவந்தார் டோன் குஸ்தோதியோ. "இருங்க, இருங்க! சாப்பிடறதுக்கு முந்தி ரெண்டு பேர் இடுப்பையும் அளந்துக்கிறேன். இனிமே இந்த அளவுதான், இம்மியும் கூடக்கூடாது. ரெய்னால்டோ, எந்திரி!"

ரெய்னால்டோ எழுந்திருக்கவில்லை. கறியை வாயில் வைத்து, நிதானமாக மென்று, விழுங்கினான்.

"சாப்ட்டு முடிச்சப்புறம் வாங்க முதலாளி," என்றான். "அப்ப எவ்வளவு இருக்கேனோ, அதான் அளவு."