எடை மெஷின் சொல்வதை நம்பாதீர்கள், வள்ளியைக் கேளுங்கள்

மரக்காணத்தில் என்னைப் போல் நடந்தவன் எவனும் கிடையாது, நண்பர்களே. இளைக்க வேண்டும் என்று ஒரு மாதமாகத் தினமும் ஆரோவில் வரை நடந்தேன். வெள்ளைக்காரர்களே சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டார்கள்.

இன்று காலை உப்பு மூட்டை எடை போடும் மெஷினில் ஏறினேன். அதே தொண்ணூற்றாறு கிலோ. ஒரு கிராம் இறங்கவில்லை.

உப்பள முதலாளி உதட்டைப் பிதுக்கினார். "ஏம்பா, போன மாசம் பாதி ஏத்தத்துலயே மூச்சு வாங்கி உக்காந்துட்ட. எடை குறையாம கூடை தூக்க விடமாட்டேன். ஏதாவது ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கு வேறு வேலை தெரியாது. கெஞ்சிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

வந்தது வரட்டும் என்று ஒரு கூடை உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு குவியல் மேல் ஏறினேன். குவியலா அது, இமயமலை!

கூட வேலை செய்யும் வள்ளி கீழிருந்து கத்தினாள். "ஏண்ணா, குவியல் உன்னத் தாங்குமா?"

போன மாதமும் இதையேதான் கேட்டாள். அன்று பதில் சொல்ல மூச்சில்லை.

இன்று ஏறிக்கொண்டே கத்தினேன். "உன் வூட்டுக்காரனையும் கூடையில உக்கார வை, சேத்துத் தூக்கினு போறேன்!"

உப்பளமே சிரித்தது. உச்சியில் கொட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது, மூச்சு வாங்க நான் எங்கேயும் நிற்கவில்லை.

முதலாளியும் சிரித்துவிட்டார். "நாளைக்கும் இதே மாதிரி பேசிக்கினே ஏறு. அப்புறம் பார்க்கலாம்."

நாளைக்குச் சொல்ல என்னிடம் பதில் எதுவும் கைவசமில்லை. வள்ளி வாயை அடைக்கிற மாதிரி நாலு பதில் அனுப்புங்கள். என் பிழைப்பே அதில்தான் தொங்குகிறது.