வரம்பு என்ற இடத்தில் பூஜ்யம்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் வரிசை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். காபி மெஷின் முன்னால் யாராவது குறுக்கே புகுந்தால் சண்டைக்கு வருவார், அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் அப்படிச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து, வரிசை நிரம்பிவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்வியில் வந்து நிற்பார். அவ்வளவுதான். பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவர் எழுதும் புரோகிராமைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று ஒப்புதல் கொடுப்பது என் வேலை.

எங்கள் கம்பெனி சின்னது. மழைத்தண்ணீரை வெளியேற்றும் பம்பு நிலையங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். தாழ்வான தெருக்களிலும் சுரங்கப்பாதைகளிலும் தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவிகள் இருக்கும். அந்த அளவுகள் நகராட்சியின் கண்ட்ரோல் ரூமுக்கு வரவேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அதைப் பார்த்துத்தான் பம்பைப் போடுவார், சுரங்கப்பாதையின் தடுப்புக்கட்டையை இறக்குவார்.

முன்பெல்லாம் கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிலையத்தையும் கூப்பிட்டு, "உன் மட்டம் என்ன?" என்று கேட்கும். அந்த நிலையம் பதில் சொல்லும். பிறகு அடுத்தது. நூற்று நாற்பது நிலையத்தையும் ஒரு சுற்று கேட்டு முடிப்பதற்குள் மூன்று நிமிஷம் ஓடிவிடும். மழைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அதன்பின் நிலையமே விடாமல் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும், அதற்கு ஒரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு புரோகிராம் தொகுப்பு, வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, அக்கா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையில் இருப்பது போலக் கூப்பிட்டு வேலை வாங்குகிற லைப்ரரி. ஒரு கேள்விக்கு ஒரு பதில், ஒரு கேள்விக்கு ஓயாத பதில், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் இடம் வைத்து முதல் வரியிலிருந்து அவரே எழுதினார்.

முதல் ஐந்து மாதம் கீபோர்டைத் தொடவே இல்லை. கோடு போடாத நோட்டில் பென்சிலால் பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்துகொண்டிருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தால், கேட்டவன் பாதியில் போதும் என்று சொன்னால், சொன்னது ஒரு தடவை போனதா இரண்டு தடவை போனதா என்று தெரியாவிட்டால், இப்படிப் பக்கம் பக்கமாக. அதில் அவரைப் படாதபாடு படுத்தியது ஒரே கேள்வி. அனுப்புகிறவன் வேகமாக அனுப்பி, வாங்குகிறவன் மெதுவாக வாங்கினால், நடுவில் சேர்வதை எங்கே வைப்பது?

அவருடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் மதியம் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தவர், நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு நாள் என்று சிரித்தார். "எட்டு பேருக்கு மேல ஏறினா லிஃப்ட் நகராதும்மா. மணி அடிக்கும். யாராவது ஒருத்தர் இறங்கித்தான் ஆகணும். இல்லன்னா எல்லாரும் நிக்கவேண்டியதுதான்."

அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வாங்குகிற பக்கம் தன்னால் எத்தனை தாங்கும் என்று முதலிலேயே சொல்லிவிடும். அந்த எண்ணிக்கைக்கு மேல் சேர்ந்தால் பழைய அளவை எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். எத்தனை எறிந்தோம் என்பதையும் ஸ்கிரீனில் காட்டும். பத்து நிமிஷத்துக்கு முந்தைய தண்ணீர் யாருக்கு வேண்டும் என்பார். அந்த எண்ணிக்கைக்கு வரம்பு என்று பெயர் வைத்தார். சோதனை செய்யும்போது எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று, வரம்பு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம் என்றும் ஒரு வழி வைத்தார். அதைக் கேட்டது நான்தான்.

இரண்டு வருஷத்தில் லைப்ரரி முடிந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைச் சோதிப்பது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கேபிளைப் பிடுங்கினேன், சர்வரைப் பாதியில் அணைத்தேன். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு மறுபடி எழுந்து பேசியது. அக்கா வாய்விட்டுப் பெருமைப்படுகிறவர் அல்ல. அன்று மட்டும் எல்லோருக்கும் காபி எடுத்துவந்து கொடுத்தார்.

நகராட்சிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று ஸ்கிரீனின் மூலையில் சிவப்பு எழுத்தில், விடுபட்ட அளவுகள் பதினான்கு என்று வந்தது. வந்திருந்த அதிகாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் தவறவிடாது என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்களே, பதினான்கு போய்விட்டதே என்றார். அக்கா விளக்க வாயெடுப்பதற்குள் மேனேஜர் சிரித்துப் பேசிச் சமாளித்து அவரை வெளியே அழைத்துப் போய்விட்டார்.

சாயங்காலம் மேனேஜர் அக்காவின் மேஜைக்கு வந்தார். அந்தச் சிவப்பு எழுத்து இனி வரக்கூடாது, வரம்பை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்தால் கூட்டம் சேர்ந்து வரிசை நீண்டுவிடும், ஸ்கிரீனில் தெரிவது பழைய மட்டமாக இருக்கும் என்று அக்கா சொன்னார். அப்படியானால் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அதை அளந்த நேரத்தையாவது போடலாம் என்றார். ஸ்கிரீனில் அதற்கு இடமில்லை, அங்கே வந்து சேர்ந்த நேரம் இருக்கிறதே, அது போதும் என்று பதில் வந்தது. இரண்டு நாள் அக்கா பிடிகொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு லைப்ரரி முக்கியம். எனக்கு இந்த ஆபீஸ்ல இருக்கற முப்பது பேரும் முக்கியம். இந்த வேலை கைவிட்டுப் போச்சுன்னா லைப்ரரியை எங்க வச்சுக்கப் போறீங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அன்று அவர் சொன்னதும் பொய் இல்லை. அக்கா எனக்கு முன்னால்தான் அந்த ஒரு வரியை மாற்றினார். இருநூறு இருந்த இடத்தில் பூஜ்யம். பத்து நிலையங்களை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. ஒப்புதல் கொடுத்தேன். நூற்று நாற்பதையும் வைத்து ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவ்வளவு மெஷின் எங்களிடம் இல்லை, கேட்டால் கிடைக்காது என்று நானே முடிவுகட்டி விட்டுவிட்டேன்.

பதினெட்டு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்குப் பிடித்த மழை, விடவே இல்லை. மட்டம் வேகமாக ஏறினால் கருவி அடிக்கடி அளக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நூற்று நாற்பது நிலையமும் ஒரே நேரத்தில் அளவுகளைக் கொட்டத் தொடங்கின. கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. நாலரை மணிக்கு ஸ்கிரீனில் இருந்தது பத்தொன்பது நிமிஷத்துக்கு முந்தைய தண்ணீர். அதற்குப் பக்கத்தில் இருந்த நேரமோ சரியாக நாலரை.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் மட்டம் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று ஸ்கிரீன் காட்டியது. முப்பதைத் தொட்டால்தான் தடுப்பை இறக்கவேண்டும். ஆபரேட்டர் இறக்கவில்லை. ரொட்டி வண்டி ஓட்டும் ஒருவர் அந்த நேரத்தில் உள்ளே போனார். தண்ணீர் அங்கே ஆள் உயரத்துக்கு நின்றது. வண்டிக் கதவை அவரால் திறக்கமுடியவில்லை.

மறுநாள் காலை அக்கா எனக்கு முன்பே ஆபீஸுக்கு வந்து, கண்ட்ரோல் ரூம் பதிவுகளை ஸ்கிரீனில் விரித்து வைத்திருந்தார். அனுப்பிய நேரம் ஒரு பத்தி, காட்டிய நேரம் ஒரு பத்தி. கீழே வர வர இரண்டுக்கும் இடையே இருந்த தூரம் அகன்றுகொண்டே போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்த வழியை வச்சதே நான்தானே தம்பி," என்றார். "பூஜ்யம் போடலாம்னு எழுதாம இருந்திருந்தா, அவர் கேட்டாலும் என்னால முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

அந்த வழி வேண்டும் என்று கேட்டவன் நான் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

நகராட்சியில் விசாரணை வைத்தார்கள். யாரும் வெளியில் பேசக்கூடாது என்று கம்பெனியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஆறு வாரத்தில் அறிக்கை வந்தது. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று போட்டிருந்தது. சுரங்கப்பாதைக் கேமரா ஒன்று இருந்ததாம், அவர் அதைப் பார்த்திருக்கவேண்டுமாம். அந்தக் கேமரா கண்ணாடியில் மழை அடித்து ஒன்றும் தெரியாது என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அக்கா கையெழுத்தை மீறி விசாரணை அதிகாரிக்கு நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பதிவுகளை இணைத்தார். தவறு என்னுடையது, ஆபரேட்டருடையது அல்ல என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, மேனேஜர் சொன்னதையும் எழுதேன் என்றாராம். வரியை மாற்றியது என் கை என்று அக்கா மறுத்துவிட்டார்.

கடிதம் கிடைத்தது, விசாரணை முடிந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவருடன் நானும் துணைக்குப் போனேன். விசாரணை அதிகாரி எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். சாஃப்ட்வேரைப் பற்றி விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை என்றார். அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அக்கா கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேராக ஆபரேட்டர் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி, ஜன்னல் சாத்தியிருந்த சின்ன அறை. அவர் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, வேலைக்குப் புறப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையலறை வாசலிலேயே நின்றார். அக்கா பதிவுகளை எடுத்துத் தரையில் விரித்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். நீங்கள் பார்த்தது பழைய தண்ணீர், அதை யார் பார்த்திருந்தாலும் தடுப்பை இறக்கியிருக்கமாட்டார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆபரேட்டர் கடைசிவரை கேட்டார். பிறகு காகிதங்களை ஒழுங்காக அடுக்கி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"என் தப்புன்னே இருக்கட்டும்மா," என்றார். "கேமராவைப் பாக்காம விட்டேன்னா, அது எனக்குப் புரியுது. ஸ்கிரீன் பொய் சொல்லிச்சுன்னு வச்சுக்கிட்டா, இத்தனை நாள் நான் பாத்ததுல எது நெசம்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவேன். வேணாம். விட்டுடுங்க."

அவர் மனைவி எங்களுக்குப் பின்னால் படி இறங்கி வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றோம். இனிமேல் வராதீர்கள், இன்று இனி இவர் சாப்பிடமாட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப் போனார்.

கம்பெனி அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் தவறை ஒத்துக்கொண்டதாகிவிடும். உதவிப் புத்தகங்கள் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருடைய லைப்ரரியைத் தூக்கிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வேறொன்றைப் போட்டார்கள். அது நல்ல லைப்ரரிதான், வரம்பும் அதில் இருந்தது. புதிய ஆட்கள் அதைத் தொடங்கி வைத்த ஒரே மாதத்தில், எச்சரிக்கை அடிக்கடி வருகிறது என்று வரம்பைக் கோடிக்கணக்கில் உயர்த்திவிட்டார்கள். அக்கா அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தார். பிறகு பார்க்கலாம் என்ற பட்டியலில் அது சேர்ந்தது. நானும் ஒரு கூட்டத்தில் அதை எடுத்தேன். மேனேஜர் என்னைப் பார்க்காமல், மழைக்காலம் முடிந்துவிட்டதே என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அப்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு அக்கா தானாகவே வேலையை விட்டார். லைப்ரரியை வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து திரும்ப எழுதினார், இந்த முறை பூஜ்யத்துக்கு இடம் வைக்காமல். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டார். இரண்டு வருஷத்தில் நான்கு பேர் எடுத்தார்கள். அதில் ஒருவர் எழுதிக் கேட்டது, இந்த வரம்பை நீக்க என்ன வழி என்று. அக்கா அதற்கு நீளமான பதில் எழுதினாராம், ரொட்டி வண்டியைப் பற்றியும். மறுபடி அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

இப்போது ஒரு கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை நான் போன் செய்கிறேன். போன வாரம் செய்தபோது, எப்படி இருக்கிறீர்கள் என்றேன். இருக்கேன் என்றார். வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, லிஃப்ட் வேலையைக் குறைத்துக்கொண்டார் என்றார். நான் பார்க்கும் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது.

"பிரிண்டர்ல பேப்பர் சிக்கிடுச்சாம் தம்பி. வச்சிடட்டுமா?" என்றார்.