வெயிலில் ஒளிந்த நெருப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் என் கண் முன்னால் எரிந்தார். தீயை மட்டும் காணோம்!

நம்ப முடியவில்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

என் கொழுந்தனார் ரிட்டயர்டு அதிகாரி. ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம்தான் இப்போது அவருக்கு உலகம். அதன் இன்ஜினுக்குப் பெட்ரோல் கிடையாது. ஒரு ஸ்பிரிட், இன்ஜின் தேயாமலிருக்க அதில் விளக்கெண்ணெய், வேகம் கூட்ட 'நைட்ரோ' என்று ஒரு மருந்து. மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்ப்பதில் அப்படியொரு பைத்தியம்!

"மைனி, கடை எண்ணெய் சரியில்ல. நீங்க காய்ச்சுதது கொஞ்சம் தாங்களேன்" என்று வந்து நின்றார். கொடுத்தேன். தலையில் தேய்க்கிற எண்ணெய் ஆகாயத்தில் பறக்கப் போகிறது — பார்க்க ஆசை வராதா? நானும் காரில் ஏறிக்கொண்டேன்.

ராதாபுரம் பக்கம் ஒரு வறண்ட குளம். உச்சி வெயில். அவருடைய சேக்காளிகள் நாலைந்து பேர் நின்றார்கள். ஆண்கள் கூட்டம் என்று நான் பனைமரத்தடியில் ஒதுங்கிவிட்டேன், வழியில் வாங்கிய பதநீர்க் கலயத்தோடு.

விமானம் ஒரு சுற்று சுற்றி இறங்கியது.

"வேகம் காணாது வே!" என்று நைட்ரோவைக் கூட்டிக் கலந்தார் கொழுந்தனார். அவசரமாய் ஊற்றியதில் முழுக்கைச் சட்டையில் சிந்தியது. துடைக்கவில்லை. அப்படியே இன்ஜினைச் சுழற்றினார். டப்பென்று ஒரு சத்தம்...

அடுத்த நொடி, கையை உதறிக்கொண்டு குதிக்கிறார்.

"ஏலே, என்ன ஆட்டம் ஆடுதான்!" என்று சிரித்தார் ஒரு சேக்காளி.

"கட்டெறும்பு கடிச்சிருக்கும் வே!" என்றார் இன்னொருவர்.

புகை இல்லை. ஜுவாலை இல்லை. ஆனால் சட்டைக் கை தானாகச் சுருங்கிக் கறுக்கிறது! முடி பொசுங்கும் வாடை வேறு...

"ஐயோ, தம்பி எரியுதாரே! தீ! தீ!"

கத்தியது நான்தான். பிற ஆண்கள் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாத நான், அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடி, கலயத்துப் பதநீர் முழுவதையும் அவர் கையில் கவிழ்த்தேன். அப்போதும், "எங்கன தீ, அக்கா?" என்று தேடுகிறார்கள்!

அந்த ஸ்பிரிட் வெயிலில் எரிந்தால் தீ கண்ணுக்குத் தெரியாதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சொல்கிறார்கள். இது முன்னாலேயே தெரியாதா? எல்லோருக்கும் தெரியுமாம்! தெரிந்திருப்பதற்கும் சமயத்தில் ஞாபகம் வருவதற்கும் நடுவில்தான் பாதி விபத்து நடக்கிறது போல.

தோல் உரிந்திருந்தது. விரல்களை மடக்கச் சொன்னார் டாக்டர். மடங்கின. "கைக்கு ஒண்ணும் ஆகாது" என்ற பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கட்டுப் போட்ட கையோடு கொழுந்தனார் என்னைப் பார்த்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மைனி, அடுத்த வாரம் பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வச்சுக்கிடணும், என்ன?"

அடுத்த வாரமா! கையில் பிடித்தது அவிந்துவிட்டது... தலைக்குள் பிடித்திருப்பதை எதை ஊற்றி அவிப்பது?