மஞ்சள் பக்கத்துக்கு ஒரு பிள்ளையார் சுழி

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பழைய கணினி ஒன்று வந்த வருடம், அக்கா மாமாவின் பூக்கடைக்காக நான்கு இணையப் பக்கங்கள் செய்தாள். திங்கட்கிழமை பெட்டாலிங் ஜெயாவில், இணையப் பக்கங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு இண்டர்வியூ. பக்கங்களைக் காட்டி வேலை வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அத்தையோடு சுங்கை வே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார் அப்பா.

ஞாயிறு மதியம், "இங்க வந்து பாருடா!" என்று அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். நிறங்களையெல்லாம் ஸ்டைல் ஷீட் என்ற தனிக் கோப்பில் விதிகளாக எழுதியிருந்தாள்: முதல் விதி பக்கத்துக்கு வெள்ளை, அடுத்தது தலைப்புக்குச் சிவப்பு. நான்கு பக்கங்களின் தலைப்பகுதியிலும் அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லும் ஓர் இணைப்பு வரி. அவ்வளவுதான். கோப்பில் ஒரே இடத்தில் வெள்ளையை மஞ்சளாக்கினாள். சாமந்திக் கூடையைக் கவிழ்த்தது போல நான்கு பக்கங்களும் மஞ்சளாகிவிட்டன! நான் நாற்காலியில் ஏறிக் குதித்தேன்.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வந்தார்.

"சுழி போட்டியாடி?"

"கம்ப்யூட்டர்ல எப்படிம்மா?"

"நாளைக்கு இண்டர்வியூ. போடு லா!"

எங்கள் வீட்டில் மளிகைச் சீட்டுகூடப் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்காது. கணினியில் தமிழ் 'உ' இல்லாததால், அக்கா ஸ்டைல் ஷீட்டின் உச்சியில் 2 என்று தட்டினாள். பார்க்கச் சுழி மாதிரியேதான் இருந்தது. சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், வெள்ளை! நான்கும் வெள்ளை. அக்காவின் முகமும் வெளுத்துவிட்டது.

இணைப்பு வரியைப் பார்த்தாள். கோப்பின் பெயர் சரி, இருக்கும் இடமும் சரி. திடீரென்று மேசையைத் தட்டினாள்.

"டேய், தலைப்பு மட்டும் இன்னும் சிவப்பாத்தான் இருக்கு! அப்ப கனெக்ஷன் போகலடா. முதல் விதி மட்டுந்தான் வேல செய்யல!"

மஞ்சள் இருந்தது முதல் விதியில். அதன் முன்னால் சுழி. இயந்திரம் இரண்டையும் சேர்த்துப் படித்து, ஒன்றும் விளங்காமல் அந்த விதியையே விட்டுவிட்டது.

"அழிச்சிடுக்கா. அம்மாவுக்கு என்ன தெரியப் போவுது?" என்றேன் மெதுவாக.

"வாய மூடுடா."

சுழிக்கு முன்னால் சாய்கோடும் நட்சத்திரமும், பின்னால் நட்சத்திரமும் சாய்கோடும் வைத்தாள். அந்த வேலிக்குள் இருப்பதை இயந்திரம் படிக்காதாம். மஞ்சள் திரும்பி வந்துவிட்டது!

"போட்டாச்சும்மா!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

வேலை கிடைத்தது. அக்காவின் அலுவலகத்துக்கு ஒருநாள் நானும் போனேன். அவள் திறந்த கோப்பின் உச்சியில் அதே வேலி, உள்ளே அதே சுழி. இயந்திரமும் படிக்காது, அம்மாவும் இங்கே இல்லை, பிறகு யாருக்காகப் போடுகிறாள்? அன்று வீடு வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்குப் பிடிபடவே இல்லை.